ரேடியோவுக்குப் பின்னிய விரிப்பு

நெய்வேலி
9-8-1964

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. நிலமும் வீடும் மைன்ஸுக்குப் போன பிறகு தலைப்பிரசவத்துக்கு எந்த வீட்டுக்கு வருவது, குவார்ட்டர்ஸில் உங்களுக்கே இடம் போதாது, இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் இங்கத்திய சேதியைக் கேள்.

அப்பா ரேடியோ வாங்கியிருக்கிறார். அதன் மேல் கரித்தூசு படிகிறதே என்று ஒரு விரிப்புப் போட ஆசைப்பட்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் ருக்குமணி திருநெல்வேலிக்காரி, என் வயதுதான், கொக்கி ஊசியில் நன்றாகக் குரோஷா பின்னுவாள். அவள் வீட்டு விரிப்பில் மல்லிகை மொட்டுப் போலப் புடைத்து நிற்கும் ஒரு பின்னல், அதைத்தான் கற்றுக்கொண்டேன். ஒரே துளைக்குள் ஐந்து நீளப் பின்னல் போட்டு, ஊசியைக் கழற்றி, முதல் பின்னலின் தலையில் விட்டு, கடைசி வளையத்தை அதன் வழியாக இழுத்துவிட்டால் ஐந்தும் கூடி ஒரு மொட்டாக எழும்பும். இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டேன். கனகாம்பரம் தொடுத்த கை இல்லையா, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்கினால்தான் அதற்குத் திருப்தி. மொட்டுக்கு மொட்டு நடுவில் தளர்வாக விட வேண்டிய சங்கிலியையும் இறுக்கிவிட்டேன். தட்டையாக வர வேண்டிய விரிப்பு நாலைந்து சுற்றிலேயே கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. ஏ அக்கா, இது பூவா உதிர்ந்து போறதுக்கு, நூலை இந்த நெரி நெரிக்கியே என்று ருக்குமணி சிரித்தாள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா அதை எடுத்துத் தன் மடக்கிய முஷ்டி மேல் மாட்டிப் பார்த்துவிட்டு, இன்னா லட்சுமி, பேரப்புள்ளைக்கு இப்பவே குல்லா பின்னிகினு கீறியா என்றார்.

பிறக்கும் முன்னே பிள்ளைக்கு எதையும் தைத்து வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம், உனக்கே தெரியும். உடனே பிரித்துவிட நூல் முனையைத் தேடினேன், பிறகு நிறுத்திவிட்டேன். நான் பின்னியது ரேடியோ விரிப்பு, அது குல்லாவாக வந்தது அதன் இஷ்டம். என் மேல் தப்பில்லை என்று பெட்டியில் வைத்துவிட்டேன். அடுத்தது தட்டையாகவே வந்தது, ரேடியோ மேல்தான் கிடக்கிறது. ருக்குமணியே திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

இப்போது உன் சேதிக்கு வருகிறேன். போன வீட்டை நினைத்து நீ அழுதால் நானும் அழுவேன், ஆனால் உன்னைப் பெற்றது நான், அந்த வீடு இல்லை. முன் அறையில் கட்டில் போட்டாயிற்று, அப்பா வராந்தாவில் படுத்துக்கொள்வார். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துவர அப்பா லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு நான் மரியாதையாகத் தனிக் கடிதம் போடுகிறேன்.

கனம் தூக்காதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. வடலூர் ஐயா ஜோதி உன்னைக் காக்கட்டும், மஞ்சள் குங்குமத்தோடு நீ நூறு வயது இருக்க வேண்டும். வருகிறாயா இல்லையா என்று எழுத வேண்டாம், என்றைக்கு என்று மட்டும் எழுது.

உன் பிரியமுள்ள அம்மா
ஆதிலட்சுமி