மாரிலின் பெயரில் ஒரு சந்தா

11 ஜூன் 2024, செவ்வாய்

பிரெஞ்சு ஓய்வூதியர்களுக்குக் கடிதம் எழுதித் தரும் எங்கள் பணியகத்துக்குப் புதிய அலுவலக மென்பொருள் தேவை. பழையது பிரெஞ்சு எழுத்துகளின் மேற்குறிகளை விழுங்கிவிடுகிறது; பெயரில் ஒரு குறி விடுபட்டாலும் ஓய்வூதியரின் தாள் பிரான்சிலிருந்து திரும்பி வரும். கணினிக் கடை மாறன் இரு வழிகள் கூறினார்: ஒரே முறை விலை கொடுத்து வாங்குதல், அல்லது ஆண்டுச் சந்தா. வாங்கிவிடவே விரும்புகிறேன். பத்தாம் வகுப்போடு நின்று, அகராதியொன்றின் துணையால் பிரெஞ்சு கற்றவள் நான். கற்றதும் கருவியும் என்னுடையனவாக இருத்தல் வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளாக என் தொழிற்கூட்டாளியான மாரிலின் உடன்படவில்லை. “வாங்குனா ஒத்த மெஷினோட கட்டிப் போட்ட மாரி, நீலாக்கா. சந்தான்னா எல்லாம் நெட்டுல இருக்கும். எங்க இருந்தாலும் தொறக்கலாம்.”

“நாம் எங்கே செல்லப் போகிறோம்?” என்றேன்.

“மைக் வேணுமாக்கா?” என்று என் மேடைத் தமிழைக் கேட்டுச் சிரித்தாள்.

14 ஜூன்

சந்தா என்றே முடிவாயிற்று. கணக்கு எவர் பெயரில் என்று மாறன் வினவினார். “வாடகைப் பொருளில் என் பெயர் வேண்டா” என்றேன், சற்றுக் கம்பீரமாகவே. மாரிலின் தன் மின்னஞ்சலைத் தந்தாள்.

2 ஜூலை

ஓய்வூதியர் உயிரோடிருப்பதைக் காட்டும் உயிர்ச்சான்று, விதவை ஓய்வூதியம், முகவரி மாற்றம் என இருநூற்றுப் பன்னிரண்டு மாதிரிக் கடிதங்களும் சந்தாக் கணக்கில் ஏறிவிட்டன. என் பதினான்கு ஆண்டு உழைப்பு. கணினியில் இடம் வேண்டுமென்று பழைய பிரதிகளை மாரிலின் அழித்தாள். நானும் சம்மதித்தேன்.

4 நவம்பர், திங்கள்

ஃப்ளோரான் ஐயா உயிர்ச்சான்றுக்காக வந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர், வயது எண்பத்தொன்று.

“மாரிலின் பிரான்சு போவுதாமே! எங்க பேப்பரெல்லாம் அங்கேருந்தே பாத்துக்குறேன்னு சொல்லிச்சு. ஏம்மா, ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது.

மாலையில் அவளிடமே கேட்டேன். “சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. நீங்க பேச ஆரம்பிச்சா என் முடிவ மாத்திப்புடுவீங்க.”

அப்படியானால் ஜூன் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டாள் — ‘எங்க இருந்தாலும் தொறக்கலாம்’! அது எனக்காகவா சொன்ன? ஒன்பது வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டோமேடி.

19 நவம்பர்

காலையில் கோப்புகளைத் திறந்தேன். ‘உங்களுக்கு அனுமதி இல்லை.’

மாறனை அழைத்தேன். “கணக்கு அவங்க பேர்ல இருக்கு மேடம். அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி உங்கள எடுத்துட்டாங்க.”

எடுத்துட்டாங்க. ஏதோ சோற்றில் கிடந்த முடியைப் போல.

20 நவம்பர்

பணியகம் திறக்கவில்லை.

21 நவம்பர்

ஒரே முறை விலை கொடுத்து வாங்கினேன். என் பெயரில். மாறன் நிறுவித் தந்தபின் வெற்றுத் தாளொன்று திறந்தது. 

28 நவம்பர்

பிரான்சுக்குப் போகும் தாள் எதுவாயினும் ஜெராக்ஸ் எடுக்காமல் இவ்வூர் ஓய்வூதியர்கள் அனுப்புவதில்லை. எப்படி மறந்தேன்? ஃப்ளோரான் ஐயா துணிப்பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். “ஒன் கடுதாசிதான் எல்லாம். அடிச்சுக்க.” பக்கத்து ஊரான கோட்டுச்சேரியிலிருந்தும் இரு பைகள் வந்துள்ளன. மாதிரிக் கடிதங்களில் பாதிக்கு மேல் மீளும்.

3 டிசம்பர்

ஐயாவின் பையில் 2016ஆம் ஆண்டுத் திருத்தப் பிரதியின் நகலொன்று கிடைத்தது. என் கடிதங்களை முடித்துவைக்கும் அந்த இறுதி வரி, ‘முதிய கையொன்று தங்கள் விடைக்குக் காத்திருக்கிறது’ என்று பொருள்படும் பிரெஞ்சு வரி, என் நடையின் சிகரமென்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். நகலில் நான் எழுதியிருந்த வேறொரு வரி கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் அந்த ‘முதிய கை’ வரி, மாரிலினின் சாய்ந்த கையெழுத்தில்.

மறந்திருந்தேனா? மறக்க விரும்பினேனா?

ஐயாவின் உயிர்ச்சான்றுக் கடிதத்தை அவ்வரி இன்றித் தட்டச்சு செய்தேன். வேறு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என்னுடையவை. மூன்றும் சரியில்லை.

பிற்பகலில் அவள் வரியைச் சேர்த்தேன். ஐயா படித்துப் பார்த்து, “ஒன் எழுத்து ஒன் எழுத்துதாம்மா” என்று கையொப்பமிட்டார். நான் மறுத்துக் கூறவில்லை.