அத்தையின் கால்விரல்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா? என் பாப்பா சாப்பிடாமல் உங்களைப் படுத்துகிறாளா?

டாக்டருக்குத் துணையாக நோயாளிகளைப் பார்க்கும் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன் அல்லவா, போன வாரம் நேர்காணல் நடந்தது. பயப்படாதீர்கள், சிரிக்கிற கதைதான். நோயாளியாக நடிக்க ஒருவரைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். காலில் கட்டு. அதைப் பிரித்ததும் பதற்றத்தில், "வலிக்குதா அத்தை?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். இத்தனைக்கும் அவர் மீசைக்காரர்! சீட் போச்சு என்றே நினைத்தேன்.

மறுபடி இந்த நாட்டு மொழியில் கேட்டேன். வலியே இல்லை என்றார். ஆனால் பெருவிரல் உள்ளே மடங்கியது. எட்டு மாதம் உங்கள் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டவளிடம் அந்தப் பொய் செல்லுமா? நீங்களும் "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே விரலை மடக்குவீர்களே! "வலியை மறைக்கிறீர்கள்" என்றேன். அப்படி மறைக்கச் சொல்லித்தான் அவரை நடிக்க வைத்தார்களாம்.

இன்று கடிதம் வந்தது, இடம் கிடைத்துவிட்டது. உங்கள் கால் வாங்கிக் கொடுத்த சீட், அத்தை.

இன்னும் இரண்டு வருடம் பாப்பாவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்குச் செருப்பு வாங்கப்போகிறேன், அளவு தெரியவில்லை. தாளில் அவள் பாதத்தை வைத்து வரைந்து அனுப்புங்கள். பக்கத்தில் உங்கள் பாதத்தையும் வரையுங்கள். நலம் என்று எழுதினால் நம்பமாட்டேன். வீக்கம் இருந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

விடிந்தால் வேலை, படுக்கிறேன்.

உங்கள் மருமகள்