வீராயிக்கு நீங்கள் வைத்த பெயர்

நானா,

இன்றைக்குக் காலையில் கண்டி டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்குப் போயிருந்தேன். அடையாள அட்டையை ஒரு பிரதி எடுக்க வேண்டியிருந்தது. மெஷினிலிருந்து சுடச்சுட வந்த தாளைக் கடைப் பிள்ளை என் கையில் தந்தாள். அந்தச் சூடும் மை வாசமும் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்துக் கடையே மௌனமாகிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில், "அங்கிள், கொஞ்சம் தள்ளி நிண்டு மோந்து பாருங்க, பின்னால ஆக்கள் நிக்கிறாங்க" என்று அந்தப் பிள்ளை சொன்னதுதான் நடந்தது.

இன்டர்நெட்டில் போடுவதைத் தாளில் எடுத்து, முகர்ந்து, உள்ளங்கையால் நீவிப் பார்த்துத் திருப்திப்படுகிற ஒரே மனிதர் உலகத்திலேயே நீங்கள்தான். உலகம் முழுக்க நான் போய்ப் பார்க்கவில்லை. திருகோணமலை வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று.

அப்போது உங்களுடைய பொதுமக்கள் தொடர்பு நிறுவனம் டவுனில் ஒரு மாடியில் இருந்தது. ஹோட்டல்காரருக்கும் தேயிலைக்காரருக்கும் ஊரில் நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிற வேலை. நீங்கள் செய்தி எழுதுவீர்கள், கவரில் போடுவீர்கள், உங்களை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட டிரைவர் நான், காரை எடுப்பேன், பத்திரிகை ஓபிஸ் ஓபிஸாக ஏறி இறங்குவோம். நான் புசல்லாவையில் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் நான் படித்ததை வேறு ஒருவன் பல்கலைக்கழகம் போயும் படித்திருக்கமாட்டான். இதை உங்களிடமே சொல்லியிருக்கிறேன். "தம்பி, ஒன்ட காருக்கு லைசன்ஸ் ஈக்கி. வாய்க்கும் ஒண்டு எடுத்துக்கோ" என்றீர்கள்.

அந்த நாளில்தான் கொழும்பில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்து, வழி நெடுக ஒரே விஷயத்தைப் பேசினீர்கள். இனிமேல் பத்திரிகைக்காரரின் வாசலில் காத்துக் கிடக்கத் தேவையில்லையாம். கம்பனிகள் தாங்களே ஜனங்களோடு பேசலாமாம். அதற்குப் பெயர் புளொக், அதாவது வலைப்பதிவு என்றீர்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் நான் கியரை மாற்றிக்கொண்டே, "அப்ப நம்மளுக்கு வேலை இல்லையே நானா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "அவங்களுக்குப் பேச வருமா தம்பி? அதையும் நாங்கதான் எழுதிக் குடுக்கோணும்."

அப்படித்தான் தொடங்கியது. இலங்கையிலேயே முதன்முதலில் கம்பனிக்காகப் புளொக் எழுதியவர்கள் நாம்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். கொழும்பில் நாலைந்து பேர் நமக்கு முன்னாலேயே எழுதிக்கொண்டிருந்தது நம் இருவரோடு இருக்கட்டும்.

நம்முடைய பெரிய வாடிக்கை ஒரு தேயிலைக் கம்பனி. அதன் முதலாளியின் பெயரில் ஒரு மலைநாட்டு டயரி. அந்தப் பெரிய ஐயா தன் வாழ்நாளில் ஒரு கீபோர்டைத் தொட்டதில்லை. இரண்டே விரலால் நீங்கள் தட்டுவீர்கள். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து மலையையும் பனியையும் நான் சொல்லச் சொல்ல, அதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை எனக்கே திருப்பித் தருவீர்கள். ஒருமுறை தேயிலை மலையில் ஒரு சிறுத்தையை உலவ விட்டேன். கம்பனி மெனேஜர் அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். ஆமாம், புளொக்கைக் கூடச் செய்தி மாதிரியே நடத்தினோம். எழுதியதைத் தாளில் எடுத்து, நான் கொண்டுபோய்க் கொடுத்து, மெனேஜர் திருத்தி, "அனுமதிக்கப்பட்டது" என்று முத்திரை குத்திய பிறகுதான் இன்டர்நெட்டில் ஏறும். கொழும்பில் இப்படிச் செய்கிறார்களா என்று கேட்டேன். "எழுதினதுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும்" என்றீர்கள்.

ஆனால் கீழே ஜனங்கள் எழுதுகிற கருத்துகளுக்கு முத்திரை கிடையாது. அவை நம் கைக்கு வரும். நாம் பொத்தானை அழுத்தினால்தான் வெளியே தெரியும். முதல் கருத்து வந்த நாள் நினைவிருக்கிறதா? யாரோ வெளிநாட்டில் இருந்து, தேயிலை நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி. நீங்கள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

"என்ன நானா, கலியாணத்துக்கா போறீங்க?"

"ஸலாம் சென்னா பதில் செல்றது கடமை தம்பி. தந்ததை விடக் கொஞ்சம் கூடுதலாக் குடுக்கோணும். இதுவும் அப்படித்தான்."

அந்த ஒரு வரிக்கு ஒரு பக்கம் பதில் எழுதினீர்கள். அந்த மனிதர் மிரண்டு போயிருப்பார், திரும்ப எழுதவே இல்லை. உங்களுக்கு அதில் கவலையும் இல்லை. கடமை முடிந்தது.

பிறகுதான் அந்தப் படம் வந்தது. மலைப்பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா, கூடையோடு, கண் சுருங்கச் சிரிக்கிற படம். மெனேஜர் அனுப்பினார். அந்த அம்மா பாடிக்கொண்டே கொழுந்து பறிப்பார் என்ற ஒரு வரியும் கூடவே வந்தது. பனிமூட்டம் மட்டும் என் பங்கு, அது உண்மையான பனிமூட்டம். பெயர் வரவில்லை. "வாசிக்கிற ஆக்களுக்குச் சின்னப் பெயரா ஈந்தா வசதி" என்று சொல்லி 'லீலா' என்று நீங்கள் தட்டினீர்கள். பத்திரிகைச் செய்திகளில் எத்தனையோ படங்களுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறோம். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

இந்த முறை கேட்டார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய ஒரு கருத்து. நீங்கள் எழுத்துக் கூட்டி வாசித்தீர்கள். "படத்தில் இருப்பது எங்கள் அம்மா. அவர் பெயர் லீலா இல்லை. அவருக்குப் பாட்டும் வராது. யாரைக் கேட்டு எழுதினீர்கள்?" டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்த பிள்ளை. கடையின் பெயரையும் எழுதியிருந்தாள்.

நீங்கள் மெனேஜருக்குப் போன் எடுத்தீர்கள், நான் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டு.

"இதுக்கெல்லாமா கோல் எடுக்கிறீங்க?" என்றார் அவர். "அந்தக் கொமெண்ட டிலீட் பண்ணுங்க. படத்தையும் தூக்கிடுங்க. முடிஞ்சுது."

"பெயரைத் திருத்திப் போட்டா என்ன?"

"இன்டைக்குப் பேர் கேப்பாங்க. நாளைக்கு வேற கேப்பாங்க. பெரிய ஐயாட டயரியில பெரிய ஐயா பிழை விட்டாரெண்டு எழுதவா சொல்றீங்க? உங்களுக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

"பின்னேரம் செல்றன்" என்று வைத்தீர்கள்.

வேலை வேண்டும் என்பது அந்த மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஓபிஸ் வாடகை, அங்கே வேலை செய்த இரண்டு பிள்ளைகள், நான், எல்லாம் அந்தத் தேயிலையில்தான் ஓடிக்கொண்டிருந்தோம். நான் அதைச் சொல்லப் போனேன். நீங்கள் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, "காரை எடு தம்பி" என்றீர்கள்.

புடவைக்கடையில் அந்தப் பிள்ளையிடம் வழி கேட்டோம். முதலில் பயந்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு அம்மா இருக்கும் லயத்தின், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டின், அடையாளத்தைச் சொன்னாள். மடவளையில் உங்கள் வீட்டுக்குப் போய் ஒரு தொதல் இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டீர்கள். நான் ஓட்டிய வேகத்தில் மேகங்கள் வழி விட்டன. நீங்கள் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

அந்த அம்மா லயத்து வாசலில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மலைக்குப் போவதை விட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நீங்கள் யார் என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

"நீங்கதானா எனக்கு லீலான்னு பேரு வச்சவரு?"

"ஓ, நான்தான்" என்றீர்கள்.

"பேரு வைக்க வர்றவுக வெறுங்கையோடயா வருவாக? தொட்டிலு எங்க? சீனி எங்க?"

நீங்கள் தொதல் பெட்டியை நீட்டினீர்கள். "சீனிக்கு இது இருக்கட்டும். தொட்டிலுக்குத்தான் காருல இடம் இல்ல."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. மலை அதிர்ந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், பக்கத்து லயத்து நாய் குரைத்ததை நீங்களும் கேட்டீர்கள்தானே. பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்:

"எங்கப்பன் சாமிகிட்ட நேந்துக்கிட்டு வீராயின்னு வச்சாரு. ஆளுக் கணக்கெடுக்கிற செக்ரோல்ல அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புட்டாக. கங்காணி திட்டுனதும் அந்தப் பேரச் சொல்லித்தான். கொழுந்துக்கு வீராயி, படத்துக்கு லீலாவா?"

எதற்கும் கூடுதலாகப் பதில் தருகிற மனிதர், அன்றைக்கு அந்த வாசலில் ஒன்றுதான் கேட்டீர்கள். "படத்தை எடுத்துறட்டுமா?"

"எதுக்கு எடுக்கணும்? மகதான் அழிக்கச் சொல்றா. படம் நல்லாத்தான் இருக்காம். பேர மட்டும் மாத்திப் போடுங்க, அது போதும்."

திரும்பி வரும்போது உன்னஸ்கிரிய பக்கத்தில் ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தோம். அப்போது நான் கேட்டுவிட்டேன்.

"நானா, போட்டா வேலை போயிரும்."

"போகும்."

"அந்தம்மா வாசிக்கப் போறாங்களா? மகள் ஒருத்திதான் பாக்கப் போறா."

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "இவ்வளவு காலமும் நாங்க எழுதினதுக்குப் பேப்பர்காரன் முகம் குடுத்தான் தம்பி. இதில நாங்களே முகம் குடுக்கோணும். ஆள் வாசலுக்கு வந்து கேட்டுட்டாங்க. கதவைச் சாத்தவா?"

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையின் கருத்தை வெளியே விட்டீர்கள். அதன் கீழே பதில். நீங்கள் எழுதிய பதில்களிலேயே சின்னது அதுதான். "அவர் பெயர் வீராயி. லீலா என்பது அவரைக் கேட்காமல் நான் வைத்த பெயர். அவர் பாடுவதும் இல்லை. மன்னிக்கவும்." அடியில் பெரிய ஐயாவின் பெயர் இல்லை. உங்கள் பெயர். இந்த டயரியை எழுதுவது யார் என்று உலகத்துக்கே தெரிந்துபோயிற்று. படத்தின் கீழே இருந்த லீலாவையும் வீராயி ஆக்கினீர்கள்; அதற்கு முத்திரை வாங்க என்னை அனுப்பவும் இல்லை.

மெனேஜர் விடிந்ததும் போன் எடுத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, நம்மோடு இருந்த வேலையை மரியாதையாக முடித்துக்கொண்டார். டயரியை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். மற்ற வாடிக்கைகளும் ஒவ்வொன்றாக ஒதுங்கின. தாங்கள் பேசுவதை வேறு ஒருவர் எழுதுகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்தான். ஆனால் அதை வெளியே சொல்லிவிட்ட ஆளிடம் யார் எழுதக் கொடுப்பார்கள்? மாடியைக் காலி செய்தீர்கள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நீங்களே அலைந்து வேலை தேடிக் கொடுத்தீர்கள். மச்சானின் கடைக்குப் பின்னால் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, ஊர்க் கடைகளுக்குத் துண்டுப் பிரசுரம் எழுதினீர்கள். நான் வேன் ஓட்டப் போனேன். 'வீராயி' என்று அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு இரவு. அந்தப் பிள்ளை அதைப் பார்த்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்டால், "நாங்க செல்லிட்டம்" என்பீர்கள்.

அது சரியான முடிவுதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகச் சொல்லத் தெரியாது, நானா. ஒரு பெயருக்காக ஒரு ஓபிஸையே கொடுப்பதா என்று சில நாளில் தோன்றும். வேறு சில நாளில், அந்த ஓபிஸ் செய்ததே ஊராருக்குப் பெயர் தேடிக் கொடுக்கிற வேலைதானே, அதற்குள் ஒருவர் பெயரைப் பறித்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றும். நீங்கள் இருந்தால் பிளேன்டீ ஒன்றைச் சொல்லி வாதாடலாம். உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு மடவளைப் பள்ளிவாசல் வெளியே நின்றேன். அவ்வளவு சனம். வந்தவர்களில் பாதிப்பேருக்கு நான் உங்கள் தம்பி என்று சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை.

இப்போது நானும் எழுதுகிறேன், தெரியுமா? வேன் ஓட்டிப் பழகிய விருந்தினர் விடுதிக்காரர்கள், "அங்கிள், ஒங்களுக்குத்தான் கதை வருமே" என்று தங்கள் இன்டர்நெட் பக்கங்களை என் போனில் ஏற்றித் தந்திருக்கிறார்கள். இந்த மலைநாட்டில் என் அளவுக்கு எழுதுகிற ஆள் கிடையாது. ஒரு அருவியை மூன்றாக ஆக்கியிருக்கிறேன். குரங்குகளுக்குப் புத்தி கொடுத்திருக்கிறேன். அந்தச் சிறுத்தையையும் ஒருவழியாக உள்ளே விட்டுவிட்டேன்.

போன கிழமை ஒரு விடுதியில் சமையல்காரரைப் படம் எடுத்தேன். அடுப்படி வாசலில், கையில் கரண்டியோடு. முதலாளி பக்கத்தில் நின்று, "எங்கட செஃப் எண்டு போடுங்க அங்கிள், அது காணும்" என்றார். நான் போனைத் தாழ்த்திவிட்டு அந்த மனிதரிடம், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டேன். அவர் முதலாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, தகப்பனாரின் பெயரையும் சேர்த்து முழுப்பெயரைச் சொன்னார். எழுத்தெழுத்தாக என்னைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டார். அதன் பிறகுதான் படத்துக்கு நின்றார்.

சோறு கறியைப் பற்றி நான் எழுதியதை நீங்கள் வாசித்தால் பாதியை வெட்டுவீர்கள். அந்தப் பெயர் மட்டும் அவர் சொன்னபடியே இருக்கிறது.