ஆவியா, வெந்நீரா?

அக்கா,

பக்கத்து வீட்டில் யாருக்கோ சளி போலிருக்கிறது. நொச்சி இலை வேகிற வாசனை மதில் தாண்டி வருகிறது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், போகவில்லை. உங்களிடம் சொல்லாமல் விட்டதை எழுதியாவது தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த அரியலூர் வீட்டுக்கு வந்தவர்கள் நாம். உங்கள் வீட்டுக்காரர் இறந்துபோன மறு வருஷமே முடக்குவாதம் உங்களைப் பிடித்தது. என் வீட்டுக்காரருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. பகல் முழுக்க நீங்களும் நானும்தான். காலையில் எழுந்ததும் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரிப்பதில் என் நாள் தொடங்கும்.

"தினமும் மூட்டுக்குச் சூடு குடுங்க. ஆவியோ வெந்நீரோ, உங்க வூட்டுக்கு எது தோதோ அதைப் பாருங்க" என்றார் டாக்டர்.

நீங்கள் வெந்நீர் கேட்டீர்கள். "முக்காலியில உக்காந்து மேலுக்கு ஊத்திக்கிட்டா போதும் புள்ள." ஆனால் நம் வீட்டுக் குளியலறை கொல்லையில் இருந்தது. ஹீட்டரைப் பழைய வயரிங் தாங்காது, குழாய் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும் என்றார் எலக்ட்ரீசியன். அடுப்பில் காய்ச்சி நான் தூக்க வேண்டும். உங்களையும் தாங்கிக்கொண்டு முற்றம் தாண்ட வேண்டும். நான் ஆவி என்று சொல்லிவிட்டேன். உங்கள் மூட்டுக்காக அல்ல, என் இடுப்புக்காக.

நொச்சி இலை போட்டு, உட்கார்ந்தபடி உடம்பு முழுக்க ஆவி பிடிக்கும் துணிக்கூடாரம் வந்தது. உள்ளே நாற்காலி, வெளியே தலை, கழுத்து வரை ஜிப். "மூட்டை கட்டின மாதிரி இருக்கு" என்றீர்கள். நான் சிரித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உங்களை உள்ளே உட்கார வைத்து, ஆவி கால் மணி நேரத்தில் தானே நிற்கும்படி மிஷினைத் திருகி வைத்துவிட்டு, மாத்திரை வாங்கக் கிளம்பினேன். வாங்கியும் விட்டேன். கடைக்கு எதிரே திருமானூர் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். எங்கே போக என்று எனக்கே தெரியாது. ஜன்னல் காற்று முகத்தில் பட்டது, அவ்வளவுதான். ஊரைத் தாண்டி நெடுந்தூரம் போன பிறகுதான் உங்கள் விரல்கள் நினைவுக்கு வந்தன. அந்த விரல்களால் ஜிப்பை இழுக்க முடியாதே! இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்காகக் காத்து, ஓடி வந்தேன்.

ஆவி எப்போதோ நின்று போயிருந்தது. ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். ஜிப் ஓரத்துத் துணியில் உங்கள் பல்லின் தடம். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

"கடையில கூட்டமா?"

"ஆமாங்க்கா."

துவட்டிவிடும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கூட்டம்னா சரி. எங்கயாச்சும் போவணும்னு தோணுச்சுன்னா சொல்லிட்டுப் போ புள்ள. நான் வெளியில உக்காந்துக்கறேன். நீயும் எத்தன நாளைக்குத்தான் உள்ளயே கெடப்ப?"

என் வீட்டுக்காரரிடம் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். சுவரை உடைத்தார்கள், வயரை மாற்றினார்கள், ஹீட்டர் வந்தது. முதல் செம்பு வெந்நீர் தோளில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்றீர்கள். அதன் பிறகு இரண்டு மார்கழிகள்தான் இருந்தீர்கள்.

கடையில் கூட்டமே இல்லை அக்கா. நான் ஒருத்திதான் நின்றேன்.

போன வாரம் திருமானூர் பஸ்ஸில் ஏறினேன். என்னைக் கேட்க இப்போது ஆளில்லை. அவரும் வேலைக்குப் போயிருந்தார். கொள்ளிடக் கரை வரை போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாதி வழியில், உங்களை ஜிப்புக்குள் விட்டுவிட்டு வந்தது போல் தோன்றியது. இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த முதல் பஸ்ஸைப் பிடித்து, யாருமில்லாத வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன்.