சித்தி வீட்டுக்குப் போன சின்னவள்

மார்ச் 3

உங்களுக்கு,

நலம். அக்கா வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவேன். காகிதத்தில் அந்த வித்தை செல்லாது.

பழையபடி வேலைக்குப் போகிறேன். அதே மருந்துக் கம்பெனி, அதே லேபிள் சரிபார்க்கும் மேஜை. நேற்றுச் சாப்பாட்டு வேளையில் ‘தொட்டி வீடு’ பற்றிப் பேச்சு வந்தது. போன வருஷம் நான் முழுகாமல் இருந்தபோது, ஞாயிறு மதியங்களில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாம் பார்த்தோமே, அந்தப் பேய்த் தொடரின் இரண்டாவது சீசன். ஒருத்தி, “எட்டாவது எபிசோட்ல அந்தச் சின்னப் பொண்ணு செத்ததும் டிவியையே அணைச்சுட்டேன்ப்பா” என்றாள். நான், “அவ எங்க செத்தா? சித்தி வீட்டுக்குல்ல போனா!” என்றேன். மேஜையே சிரித்தது. இன்று காலை வாட்ச்மேன்கூட, “சித்தி வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்கிறார்.

பயமான காட்சி வந்தால் நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். புரியாத மொழி; கீழே ஓடும் எழுத்தை நீங்கள்தான் வாசித்துச் சொல்வீர்கள். இப்படியா வாசித்தீர்கள்?

கோபம் இல்லை. எதுவுமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

நான்

மார்ச் 8

என் தலையணைக்கு,

உறையில் உன் கையெழுத்து. வேலை முடிந்து வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் படித்தேன்.

மாட்டிக்கொண்டேன். அவள் செத்துத்தான் போனாள். நீ அப்போது ஐந்தாம் மாதம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “என்னங்க, சின்னவளுக்கு என்ன ஆச்சு?” என்கிறாய். தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்தது சித்தி வீடு. அதற்கப்புறம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்பதாவதில் ஈரத் தலையோடு அம்மா முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். நீ அரைக் கண்ணைத் திறந்து, “ஏங்க நனைஞ்சிருக்கா?” என்றாய். “லீவுக்கு வந்திருக்கா, வழியில மழை” என்றேன்.

என் பிழைப்பே அதுதானே. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, “இதோ ரெண்டே நிமிஷம்” என்பேன். அரை மணியும் ஆகும். நிஜத்தைச் சொன்னால் உள்ளே இருக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும்.

மூன்றாவது சீசன் அடுத்த மாதம் வருகிறதாம். நீ இல்லாமல் பார்க்க மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 15

உங்களுக்கு,

பத்து எபிசோடையும் மறுபடி பார்த்துவிட்டேன். தலையணை இல்லாமல், அக்கா வீட்டு ஹாலில், விளக்கைப் போட்டுக்கொண்டு. பயமே வரவில்லை. இரண்டாவதில் குழாயிலிருந்து முடி வருகிறது. துணி மடித்தபடி பார்த்தேன். நான்காவதில் யாருமில்லாத மாடிப்படி ஒவ்வொன்றாக நனைகிறது. அதை நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆறாவது ஒரே இழுவை. எட்டாவதில் அந்த அம்மா தொட்டியின் மூடியைத் திறக்கிறாள், உள்ளே பார்க்கிறாள். கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை காட்டவே இல்லை. உள்ளே கிடந்ததை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று தெரியவில்லை.

பத்தாவதில் அந்த அம்மா செத்த மகளோடு பேசுகிறாள். தெரிந்தே பேசுகிறாள். நான் தெரியாமல் பேசினேன்.

ஏழாம் மாத ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் உங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்து, “குட்டி தூங்குதாம், வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னாங்க” என்றீர்கள். புதனும் வியாழனும் வயிற்றைத் தடவிக்கொண்டு, “சோம்பேறி, எழுந்திரு” என்று கொஞ்சிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை டாக்டர், “சார் சொல்லலையா?” என்றுதான் ஆரம்பித்தார்.

குழந்தை போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். நான் கிளம்பி வந்தது அந்த இரண்டு நாளுக்காக. டாக்டர் அன்று சொன்னதை அப்படியே எழுதுங்கள். சித்தி வீடெல்லாம் வேண்டாம்.

நான்

மார்ச் 20

என் தலையணைக்கு,

டாக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அவசரம் இல்லை, பொறுமையாக வாருங்கள் என்றார். பழசைக் கிளறி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன்
லிஃப்ட்காரன்

ஏப்ரல் 4

உனக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. புரிந்தது.

டாக்டர் சொன்னது இது: “துடிப்பு இல்லை. நின்னு ஒரு நாள் ஆகியிருக்கலாம். அம்மாவுக்கு உடனே ஆபத்து இல்லை. இன்னிக்கே அட்மிட் பண்ணலாம், இல்லன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க. அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” நானே சொல்கிறேன் என்றேன். வெளியே நீ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பினார். நான் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். தொட்டிக் காட்சியும் அப்படித்தான். மூடியில் கை வைத்ததுமே கண்ணை இறுக்கிக்கொண்டேன். உள்ளே கிடந்தாள் என்பது நானாக நினைத்துக்கொண்டது. உனக்குப் பயம் என்றால் தலையணை இருந்தது. எனக்கு உன்னிடம் கதை சொல்வதுதான் தலையணை.

உன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த இரண்டு நாளை உன்னிடம் எப்படித் திருப்பித் தருவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

லிஃப்ட்காரன்

ஏப்ரல் 11

லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். அழுகை வரவில்லை. மேஜையில் லேபிளைப் படிக்கிற மாதிரிதான் படித்தேன். தவறு எதுவும் இல்லை.

பிரசவ அறையில் நர்ஸ், “குழந்தையைப் பார்க்கிறீங்களாம்மா?” என்றபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களும், “வேண்டாம் சிஸ்டர்” என்றீர்கள். ஆக, நம் இரண்டு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஸ்கேன் படத்துக்கு ஒரு நகல் கேட்டேன். முக்கால் மணி நேரம் காக்க வைத்துக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பார்த்தேன்.

நீங்கள் பார்க்க வேண்டாம், நான் வாசித்துச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். முகம் பக்கவாட்டில் தெரிகிறது. மூக்கு உங்களுடையது, நடுவில் அதே மேடு. ஒரு கை மூடியிருக்கிறது, கட்டை விரல் மட்டும் வெளியே. கால் இரண்டும் மடங்கியிருக்கின்றன. பார்த்தால் தூங்குவது மாதிரிதான் இருக்கிறது. தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறேன். திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது சீசனில் முதல் எபிசோட் மட்டும். ஜன்னல் திரை திறந்தே இருக்கட்டும். படம் என் கைப்பையில் இருக்கும். எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன்.

தலையணையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்