நடக்கக் கூடாத ஊர்

ஐப்பசி, வியாழன்.

தூக்கம் வரவில்லை. சர்க்கரை நோய் ஆய்வில் எனக்குக் கள வேலை. வடுகபட்டிப் பெண்களுக்குத் தினமும் நடைப்பயிற்சி. பொட்டிப்புரத்துப் பெண்களுக்கு ஒன்றும் கிடையாது; ஒப்பிட்டுப் பார்க்க மட்டுந்தான் அந்த ஊர். ஆனால் பொட்டிப்புரம் பாண்டியம்மாளின் மகள் வடுகபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். நடந்தால் சர்க்கரை குறைகிறது என்று அவள் போனில் சொல்ல, பொட்டிப்புரத்துப் பெண்களும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்று ஆய்வை நடத்தும் பேராசிரியரே என்னையும் கூட்டிக்கொண்டு பொட்டிப்புரத்துக்குக் காரில் வந்து இறங்கினார். "ஆய்வு முடியிற வரைக்கும் நடக்காதீங்கம்மா, கணக்குக் கெட்டுப்போயிரும்" என்றார்.

பாண்டியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, அப்ப நாங்க சீக்காளியாவே கெடக்கணும்ங்கிறாகளா இவுக?"

மனுஷருக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. ரத்தம் எடுக்க வந்த அன்று, "உங்க ஆரோக்கியந்தான் எங்களுக்கு முக்கியம்" என்று குழைந்த அதே வாய்.

திரும்பும் வழியில், "நாளைக்கு நீ போய்ப் பக்குவமாச் சொல்லு, உன் பேச்சைக் கேப்பாங்க" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப வேற ஆள் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஈன வேலைக்கு ஆளா கிடைக்காது? வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதைவிட, இறங்குமுன் அவரை இன்னும் நாலு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டேனே என்றுதான் மனம் அடங்க மாட்டேன் என்கிறது.