ரெலிபோனில் வந்த அழைப்பு

மல்கிரேவ், மெல்பேர்ண்
12.3.1977

அன்பு மகள் சந்திரவதனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. முருகன் துணையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்கவேண்டுமென்று நாளும் கும்பிடுகிறோம். தம்பி இந்திரகுமாருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய், மறைக்காமல் எழுதுகிறேன். வந்து ஐந்து மாதமாக அவள் குசினி யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு றோட்டைப் பார்த்தபடிதான் இருந்தாள், அங்கே கார்தான் போகும், ஒரு மனிதரும் நடப்பதில்லை. சித்திரைக்குள் கதைக்க ஒரு ஆள் கிடைக்காவிட்டால் தன்னை ஊருக்கே, உன்னிடம் அனுப்பிவிடச் சொல்லிவிட்டாள். எனக்கு மனம் இடிந்துபோனது.

போன மாதம் ஒருநாள் ரெலிபோன் அடித்தது. பேசியவர் மகாதேவன், டொக்டர், சொந்த ஊர் அளவெட்டி. ரெலிபோன் புத்தகத்தில் தமிழ்ப் பெயராகத் தேடியவர் தொடக்கத்திலேயே ஆனந்தராஜாவைப் பிடித்துவிட்டாராம். தம்பியின் ரெலிபோன்தான், ஆனாலும் தகப்பன் பெயரில்தானே புத்தகத்தில் போடுகிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு முதற்சோறு ஊட்டுகிறோம், பெரியவர்கள் என்று இங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை, நீங்களும் அம்மாவும் வந்து ஊட்டவேண்டும் என்று கேட்டு, தன் நம்பரையும் தந்தார். பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்லாத காரியத்துக்கு நம் குடும்பத்தில் யார் போயிருக்கிறார்கள்? உன் கலியாணத்துக்குச் சொல்ல நானும் அம்மாவும் பதினெட்டு நாள் வெயிலில் அலைந்தவர்கள். இது யாழ்ப்பாணம் இல்லை அப்பா என்று தம்பி சொல்லிப் பார்த்தான், நான் பிடித்த பிடியை விடவில்லை. அம்மா திரும்பவும் யன்னலடிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் வாசலில் நான்கு கார். மகாதேவனும் மனைவி யோகராணியும் பிள்ளையோடு இறங்கினார்கள், பின்னால் அவர்களுக்குத் தெரிந்த தமிழர் பதினைந்து பேர் சட்டிபானையோடு. முதல் நாள் நான் குளிக்கிற நேரம் பார்த்து அம்மா அவர்களுக்கு ரெலிபோன் எடுத்து, இவர் நேரில சொல்லாத இடத்துக்கு வரமாட்டார் பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். அப்ப நாங்கள் அங்க வாறம் அம்மா என்றாளாம் யோகராணி. மகாதேவன் என் கையைப் பிடித்து, இப்ப முறையாச் சொல்லுறம் ஐயா, குறை நினைக்காமல் உள்ள வாங்கோ என்றார். என் வீட்டுக்குள் என்னையே கூப்பிட்டார் அந்த மனுசன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மா பிள்ளையை மடியில் வைத்துப் பாற்சோறு ஊட்டினாள். அவன் அவ்வளவையும் என் சேட்டில் துப்பினான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம், எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயத்தைச் சொல்லித் தப்பினேன். இப்போது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை யாராவது வீட்டில் கூடுகிறோம். கூப்பிட்டாலும் போகிறேன், கூப்பிடாவிட்டாலும் போகிறேன்.

ஆகவே அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறையில் பிள்ளைகளைப் படுக்க வை, அவள் இப்போதைக்கு வரமாட்டாள். உனக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கோ உள்ளதைச் சொன்னால் பெரிய சந்தோசம். மிளகாய்த்தூள் அனுப்பும்போது யோகராணிக்கும் ஒரு பொதி கட்டு. மருமகனைக் குளிர்ந்த தண்ணீரில் முழுகவேண்டாம் என்று சொல். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அம்மா உனக்கு நாலு வரி எழுதட்டும் என்று கீழே இடம் விட்டிருந்தேன். அவள் நாற்பது நிமிடமாக ரெலிபோனில் நிற்கிறாள், கையைக் காட்டி என்னைப் போகச் சொல்கிறாள். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது, இடத்தை வெறுமையாகவே விட்டு ஒட்டுகிறேன்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
ஆனந்தராஜா